எழுத்துகளைத் துறந்த கனவான்

ஜெர்மனியின் தென்மேற்கில், ஸ்டுட்கார்ட்டைச் சூழ்ந்த ஸ்வாபியப் பகுதியில் காணக்கிடைக்கும் செல்வந்தர் வகைகளுள் ஆராயத்தக்கவர், தம் பணம் பிறர் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்று பெரும்பணம் செலவழிப்பவரே ஆவார். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற அம்மண்ணில் திருகாணித் தொழிற்சாலை நடத்தும் இவருக்குச் சிவப்பு நிற ஃபெராரி ஒழுக்கக்கேட்டின் முதற்படியாகத் தோன்றுவதால், 1999 முதல் 2006 வரை தயாரான மெர்சிடிஸ் சி.எல். வரிசையின் உச்சமாகிய சி.எல். 65 ஏ.எம்.ஜி. என்னும் கூபேயை, அதாவது இரு கதவுகளும் பின்புறம் தாழ்ந்திறங்கும் கூரையும் உடைய காரை, சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறார். அதன் 12 சிலிண்டர் எஞ்சின், வெளியேறும் புகையின் விசையாலேயே கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போக்கள் இரண்டின் துணையோடு 612 குதிரைத்திறனைத் தருகிறது. சக்கரங்களைச் சுழற்றும் முறுக்கு விசையோ, கியர்பாக்ஸ் தாங்காது என்பதற்காக 1000 நியூட்டன் மீட்டரில் மின்னணு முறையில் அடக்கப்பட்டுள்ளது. இவரை மயக்கியது இந்த அடக்கமே என்று கருத இடமுண்டு.

மாதிரியின் பெயரைப் பின்புறத்தில் பொறிக்காமல் தருமாறு அங்கே தொழிற்சாலையிலேயே கேட்டுப் பெறலாம். இவரும் அவ்வாறே பெற்றார், துன்பமும் அன்றே தொடங்கிற்று. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சி.எல். 500 என்று எண்ணிவிட்டார். அதன் திறன் 306, அதாவது சரிபாதி. மறுத்துரைப்பது அடக்கத்துக்கு இழுக்காகும் என்பதால் இவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றுமுதல், நான்கு சைலன்சர் குழாய்களும் தெருவை நோக்குமாறு காரை நிறுத்துகிறார். விருந்தினர் வந்தால் எண்ணெய் அளவு பார்க்கும் சாக்கில் பானட்டைத் திறந்து, எஞ்சினைத் தனியொருவராகப் பூட்டிய தொழிலாளியின் கையொப்பத் தகடு வெயிலில் மின்னும் வரை எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

ஆட்டோபானில் பரிந்துரைக்கப்பட்ட 130 கிலோமீட்டர் வேகத்தில் இவர் சாதுவாகச் செல்கையில், பின்னால் விளக்கடித்து விரட்டும் இளைஞருக்கு மட்டும் 250 என்னும் மின்னணு வரம்புவரை தம் கொள்கையைத் தளர்த்துவார். பின்னர், அவ்விளைஞர் வந்து விசாரிப்பார் என்ற நம்பிக்கையில் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நெடுநேரம் காத்திருப்பார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஒருகாலத்தில் தன் எஞ்சின் திறனைக் கேட்டவர்களுக்குச் சொல்லிவந்த "போதுமானது" என்ற விடை இவர் நாவிலும் ஆயத்தமாக இருக்கும். கல்லாவில் இருப்பவர் கேட்பதோ, தள்ளுபடிப் புள்ளி அட்டை உண்டா என்பது மட்டுமே. உண்டு.