யூ-டர்ன் ராயுடு

கேள்வி: ரிட்டயர்மென்ட் சொல்லிவிட்டுத் திரும்பி வரும் கிரிக்கெட்காரரை நம்பலாமா? நேற்று ஒரு டீம், இன்று ஒரு டீம் என்று ஆடுபவர் யார் பக்கம்?
- ஷூ கம்பெனி ஊழியர், ஆம்பூர்

பதில்: அம்பாட்டி ராயுடுவைத்தானே கேட்கிறீர்கள்? உங்கள் ஊர் டேனரியில் ஒருமுறை குரோம் ஏறிய தோல் மறுபடி பச்சைத்தோல் ஆகாது. கிரிக்கெட் ஓய்வுக்கு அந்தக் கெட்டி கிடையாது.

2019 உலகக் கோப்பைக்கு ராயுடுவை விட்டுவிட்டு, 'முப்பரிமாண' ஆட்டக்காரர் என்று விஜய் சங்கரை எடுத்தார்கள். மேட்ச் பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ராயுடு ட்வீட் போட்டார். (அன்று நிஜமான தர்மசங்கடம் நமக்குத்தான். விடுபட்டவர் சிஎஸ்கே, உள்ளே போனவர் தமிழ்நாடு!) ஜூலையில் ஓய்வு. ஆகஸ்ட் முடிவதற்குள், உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்துக்குக் கடிதம். கோபத்தில் நீட்டிய ராஜினாமாவைச் சம்பளத் தேதிக்குள் திரும்ப வாங்கியவர்களை உங்கள் கம்பெனியிலும் பார்த்திருப்பீர்கள்.

2022 மே மாதம் மறுபடி ஓய்வு ட்வீட். சற்று நேரத்தில் அதைக் காணோம். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டிக்கு முன், இனி யூ-டர்ன் இல்லை என்று அவரே அறிவித்தார். 8 பந்தில் 19 ரன் அடித்து, கோப்பையோடு போனார். அதோடு விட்டாரா? டிசம்பரில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் சேர்ந்தார்; சுமார் பத்து நாளுக்குள் வெளியே வந்தார்.

யார் பக்கமா? மும்பையோடு 3 கோப்பை, சென்னையோடு 3 கோப்பை. மேட்ச் டிரா!