சம்பந்தம் பேசும் கம்பைலர்கள்
கோப்பாயில் வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றுவதா, சுன்னாகத்துக்கா என்று முடிவெடுக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். மருமகனின் மென்பொருளை விண்டோஸில் எந்தக் கம்பைலரால் கட்டுவது என்ற கதை மூன்று மாதமாக இழுபடுகிறது.

விசுவல் சி++ பெரிய வீட்டுச் சம்பந்தம். வாசலுக்கு வரவே பல ஜிபி சீதனம் கேட்கும். மிங்டபிள்யூ எளிய குடும்பந்தான். ஆனால் உள்ளுக்குள் ஆயிரம் பிரிவு. த்ரெட் போசிக்ஸா, வின்32ஆ? ரன்டைம் பழைய எம்எஸ்விசிஆர்டியா, 2015இல் வந்த யுசிஆர்டியா? குறிப்புப் பார்க்கிற சாத்திரியாரே களைத்துப்போவார்.

இரண்டு வீட்டையும் சேர்த்துவைக்கவும் வழியில்லை. சி++ ஃபங்ஷன் ஒன்றின் பெயரை முன்னது கேள்விக்குறியில் தொடங்கி எழுதும். பின்னது கீழ்க்கோடு போட்டு இசட் என்று தொடங்கும். லிங்கர் தாலி கட்டும் நேரத்தில் கலியாணத்தை நிறுத்திவிடும். வெறும் சி மொழியில் கதைத்தால் மட்டும் ஒரே பந்தியில் இருப்பார்கள்.

"ரெண்டையும் சப்போர்ட் பண்ணுவம், மாமா."

"ஆர் டெஸ்ட் பண்ணுறது?"

"நீங்கள்தான். என்னட்டை லினக்ஸ் மட்டுந்தானே கிடக்கு."