சிபிஎம் மாமா

குன்றத்தூரில் எந்த அடுக்ககத்தில் குடியேறினாலும் தண்ணீர் லாரி, சங்கப் பொருளாளர் ஆகியோருடன் ஒரு சிபிஎம் மாமாவும் சேர்ந்தே கிடைப்பார். இருங்காட்டுக்கோட்டையில் முதல் சாண்ட்ரோ வெளிவந்த 1998 வாக்கில் ஏதோ உதிரிபாகக் கம்பெனியின் டெஸ்பாட்சில் சேர்ந்தவர். ஓய்வுபெற்றும் டெஸ்பாட்சை விட்டு வெளியே வராதவர். இடுப்பில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப். சிபிஎம் என்றால் கட்சி இல்லை, கன மீட்டர்.

ஒரகடத்து இன்ஜினீயர் யாருக்காவது ஸ்டுட்கார்ட்டில் வேலை என்று காதில் விழுந்தால் போதும். வாழ்த்துச் சொல்வதற்கு முன் சோபாவை அளந்துவிடுவார்.

"கப்பல்ல ஒரு சிபிஎம்முக்கு ஒரு டன் வரைக்கும் எடையைக் கேக்கமாட்டான் தம்பி. அடைக்கிற இடத்துக்குத்தான் காசு."

ஆகவே அவருடைய ஜென்ம விரோதி தலையணை. 65-க்கு 45-க்கு 15 சென்டிமீட்டர், 0.044 சிபிஎம். அம்மியோ 0.012-தான். "காத்தை எதுக்குக் காசு குடுத்து ஜெர்மனிக்கு அனுப்புறே? அம்மியை எடுத்துட்டுப் போ!" குக்கர் காலியாகப் போனால் அவருக்குத் தூக்கம் வராது. குக்கருக்குள் இட்லித் தட்டு, இட்லிக் குழிக்குள் குழந்தையின் சாக்ஸ். யோகஹாமா போகிறவர்களிடம் மட்டும் கிரைண்டரை இறக்கச் சொல்வார்: "ஜப்பான்ல கரண்டு 100 வோல்ட். கல்லு சுத்தாது, நீதான் சுத்தணும்."

குடிபெயர்கிறவர் ஆறு மாதமாவது புழங்கிய சாமானுக்குத்தான் ஜெர்மனியில் வரிவிலக்கு. எனவே வீடு வீடாக ஸ்டிக்கர் பிய்ப்பது அவரது திருப்பணி. மூன்று வருஷமாகப் பாதுகாத்த மிக்ஸி ஸ்டிக்கரில் அவர் நகம் பட்டதும் வீட்டு அம்மா பதறுவார்.

"புதுசாட்டம் இருந்தாத்தானே மரியாதை?"

"மரியாதைக்கு டியூட்டி போடுவான்மா."

நெய் டப்பாவும் வெளியே வந்துவிடும். நம் ஊர்ப் பால்பொருள் எதையும் ஐரோப்பாவுக்குள் விடுவதில்லை. அம்மா தலையாட்டுவார். மறுநாள் போர்வைச் சுருளுக்கு நடுவே ஏதோ கெட்டியாகத் தட்டுப்படும்.

டீக்கடையிலும் உட்காருவதற்கு முன் பெஞ்சின் அடியில் குனிந்து பார்ப்பார். இந்தப் பக்கத்துப் பெஞ்சுகளில் பாதி, கம்பெனி பேலட் பலகையை அடித்துச் செய்தவை. மரத்தை நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான எச்.டி. முத்திரையைத் தேடுகிறார். அது இல்லாத மரப்பெட்டியை வெளிநாட்டுத் துறைமுகத்தில் மடக்கிவிடுவார்கள். இருந்துவிட்டால், "இது ரோட்டர்டாம் வரைக்கும் தாராளமா போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் டீ கேட்பார். டீக்கடைக்காரருக்குப் பெஞ்சை எங்கும் அனுப்புகிற உத்தேசமில்லை.

போன மாதம் மூன்றாவது மாடிக்காரர் மாங்காட்டுக்கு வீடு மாறினார். மாங்காடு இதோ, கூப்பிடு தூரம். மாமா பீரோவில் தொடங்கித் துளசிமாடம் வரை அளந்து, கூட்டி, வகுத்து, குட்டியானையில் அடங்கவே அடங்காது, இரண்டு நடை அடிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். டிரைவர் தாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அந்தக் கட்டிலைக் கவுத்துப் போட்டுக் கயித்தை இழுத்தா எல்லாம் அடங்கிரும். மேல எடம் மிஞ்சும், நீங்களும் ஏறிக்கிறீங்களா?"