புகார் கொடுத்தவருக்கே தண்டனையா?

கேள்வி: என் பழைய எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800-ல் செக் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் ‘லீன்’ என்று வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா? (ஈரோட்டு வாசகர்)

பதில்: தாராளமாக. கடைக்காரர் வாழ்த்துவார், விளக்கு மறுபடி எரியும்!

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பதே சரியான கலவை. அது தப்பினால் சென்சார் புகார் கொடுக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் நன்கு சூடானதும் சிக்னல் ஒயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வையுங்கள். 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கினால் சென்சாருக்குக் குறையில்லை. கீழேயே படுத்துக் கிடக்கிறதா? ஆக்சிலேட்டரைச் சட்டென மிதியுங்கள். துள்ளி எழுந்தால் ஆள் பிழைத்தான். வெடித்த வேக்குவம் ஹோஸைத் தேடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ‘பெட்ரோல் போதவில்லை’ என்று புகார், பிளக்கிலோ அடுப்புக்கரி! அப்படியானால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அந்த ஓட்டை வழியே நுழையும் வெளிக்காற்றைச் சென்சார் மோப்பம் பிடிக்க, ஈ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. உங்கள் காசுதான்.