நாடகம் பார்க்கப் பழகுதல்

சென்னையில் மேடை நாடக ரசனை பெரும்பாலும் சபா கேன்டீனில்தான் தொடங்கும். ஏழு மணி நாடகத்துக்கு ஆறு மணிக்கே வந்து, அடை அவியலை முடித்துக்கொண்டு இருக்கையில் சாய்வது பாலபாடம். அடுத்தது சிரிப்பு. கிரேஸி மோகன் நாடகத்தில் ஒரு கடிக்குச் சிரித்து ஓய்வதற்குள் இரண்டு கடந்துவிடும். பழம்பெரும் ரசிகர்கள் அதனால் வசனத்துக்கு முன்பே சிரித்துவைப்பார்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களின் நவீன நாடகங்களுக்கு இந்தப் பயிற்சி உதவாது. அங்கே நடிகர் உடலை முறுக்கி மௌனமாக நிற்பார். பார்வையாளர் தாடையில் கைவைத்து, புரிந்தவர்போல் நடிக்க வேண்டும். இதற்கு ஒத்திகையும் கிடையாது. விடியவிடிய நடக்கும் தெருக்கூத்தில் இந்தப் பாசாங்கெல்லாம் இல்லை: தூக்கம் வந்தால் தூங்கலாம், கோமாளியான கட்டியக்காரன் வந்ததும் பக்கத்துப் பாய்க்காரர் தட்டி எழுப்பிவிடுவார். சபாவிலோ செல்போனை அணைக்கச் சொல்லும் அறிவிப்பு தவறாமல் உண்டு. முதலில் ஒலிப்பது பெரும்பாலும் ஓசிப் பாஸில் வந்த முன்வரிசைக்காரரின் போன்தான்.