ஜப்திக்கு வர்றவிகளும் ஒறம்பரைதான் கண்ணு

வா கண்ணு, உக்காரு. மொகத்தை எதுக்கு இப்படித் தொங்கப் போட்டுட்டு வர்ற? பொண்டாட்டி கோவிச்சுட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டாளாக்கும்னு ஒரு நிமிசம் பதறிட்டன். காயிதமா? வருமான வரியா? போச்சாது போ, அதுக்கெல்லாம் வழி உண்டு. கண்ணாடியை எடு, பாக்கறன்.

அடேங்கப்பா! உங்கொப்பன் ஆயுசு பூராவும் பண்ணையம் பண்ணி இத்தனை பெரிய நம்பரைப் பாத்திருக்க மாட்டான். உங்க வம்சத்துல சர்க்காரு இவ்வளவு மதிச்சு எழுதின மொத ஆளு நீதான். பிரேம் போட்டு மாட்டோணும்.

சரி, அழுவாத. கொளத்து மேட்டுத் தோட்டத்தைச் சைட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்தப்ப அப்புச்சி கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேக்கல. டீக்கடையில கேட்ட. வெவசாய பூமி வித்தா வரி இல்லீன்னு அங்க எவனோ சொன்னான், நீயும் மண்டையை ஆட்டிட்டு வந்துட்ட. அவன் சொன்னது பாதி நெசம். மீதிப் பாதிதான் இப்பக் காயிதமா வந்திருக்குது. கிராமத்து வெவசாய பூமிக்குத்தான் அந்தச் சலுகை. எது கிராமம்கறதை நீயும் நானும் முடிவு பண்ண முடியாது. பத்தாயிரம் பேருக்குக் கொறையாத டவுனா இருந்து, ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டலீன்னா எல்லையில இருந்து 2 கிலோமீட்டர், லட்சத்தைத் தாண்டிப் பத்து லட்சம் வரைக்கும்னா 6, அதுக்கும் மேலன்னா 8. அந்தத் தூரத்துக்குள்ள இருந்தா நீ வெதைக்கறது சோளமே ஆனாலும் சட்டத்துக்கு அது டவுன் சொத்துதான்.

தெரியும், நீ என்ன சொல்லப் போறன்னு. திருப்பூரு எல்லைக்கு ரோட்டு வழியாப் போனா ஏழு கிலோமீட்டருக்கு மேல வருதும்ப. வரும். கொளத்தைச் சுத்தி, ரயில்வே கேட்டுல நின்னு, எருமைக்கு வழி விட்டுப் போனா வரத்தான் செய்யும். ஆனா சட்டம் ரோட்டுல போறதில்லை கண்ணு, காக்காய் பறக்கற நேர்வழியில போகுது. இதை எப்படி அளக்கறதுன்னு கோர்ட்டுல நெம்ப நாள் வழக்காடுனாங்க. 2013-ல நேர்கோட்டுத் தூரம்தான்னு சட்டத்துலயே எழுதிப் போட்டாங்க. நம்ம தோட்டத்துக் காக்காய்க்கு என்னைக்காச்சும் ஒரு புடி சோறு வெச்சிருக்கறயா? அது இப்பக் கணக்குத் தீத்துக்கிச்சு.

அதுலயும் தப்பிக்க ஒரு சந்து இருந்துச்சு. அந்தப் பணத்துல ரெண்டு வருசத்துக்குள்ள வேற காடு வாங்கிப் போட்டிருந்தீன்னா, வாங்கின அளவுக்கு லாபத்துல கழிவு உண்டு. நீ என்ன வாங்குன? இன்னோவா வாங்குன. செவுத்தை மறைக்கற டிவி வாங்குன. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்கோணும்கற சோபா வாங்குன. பையன் காதுகுத்துக்கு ஏசி மண்டபம், பைபாஸ் வரைக்கும் பிளெக்ஸ். சின்ன கம்மலைக் குத்தறதுக்கு அத்தனை பெரிய பந்தல் போட்டது இந்தச் சுத்துப்பட்டுல நீ ஒருத்தன்தான். நானும் வந்து ரெண்டு பந்தி சாப்பிட்டன், பொய் சொல்லக் கூடாது.

அதுக்கப்பறமாவது சும்மா இருந்தாங்களா அவிய? 30 லட்சமும் அதுக்கு மேலயும் பத்திரம் பதிஞ்சா ரிஜிஸ்தர் ஆபீசுல இருந்து தகவல் தானாப் போயிரும். எழுதுனாங்க, மறுபடியும் எழுதுனாங்க. இப்ப எல்லாம் மூஞ்சியே தெரியாத ஆபீசருதான் கேள்வி கேக்கறாரு. 2020-ல இருந்து அதுக்கு மொகமில்லா மதிப்பீடுன்னு பேரு. அவருக்கு மொகம் இல்லை, உனக்கு மின்னஞ்சல் பாக்கற பழக்கம் இல்லை, நல்ல பொருத்தம். கம்ப்யூட்டர் சென்டர் பையன் அவனோட மெயிலையே குடுத்து வெச்சிருக்கறான். அத்தனை கடிதாசியும் அவனுக்குப் போயிருக்குது. பதிலே வராததுனால வித்த காசு பூராவும் லாபம்னு எழுதி முடிச்சுட்டாரு. இதுலதான் எனக்கு வயித்தெரிச்சல். பரம்பரைப் பூமிக்கு 2001 ஏப்ரல் 1-ஆந் தேதி என்ன மதிப்போ, அதை வாங்கின வெலையா வெச்சுக் கழிச்சுக்கலாம். பாதி பாரம் அங்கியே எறங்கியிருக்கும். நீ வாயைத் தொறக்கலை.

சரி, இந்தக் காயிதம் நெசமான்னு மொதல்ல பாரு. போன்ல கூப்புட்டு, காமெராவுல காக்கிச்சட்டையைக் காட்டி, இப்பவே பணம் போடுன்னா கட் பண்ணிப் போடு. நெசமான கடிதாசின்னா மேல ஒரு ஆவண எண் இருக்கும். 2019 அக்டோபர் 1-ல இருந்து அந்தப் பழக்கம் வந்திருச்சு. வருமான வரி வலைத்தளத்துல அதைப் போட்டாச் சரியா தப்பான்னு தெரிஞ்சிரும். இதுல எண் இருக்குதல்லோ? போட்டுப் பாத்துச் சரின்னு வந்தா நெசந்தான். சந்தோசமா?

இனி ஜப்தி. அந்தப் பேரைக் கேட்டதும் உனக்குக் கையும் காலும் ஆடுது. ஜப்திக்கு வர்றவிகளும் ஒறம்பரைதான் கண்ணு. சொல்லாமக் கொள்ளாம வர்ற நம்ம சாதிசனத்தை விட முறை தெரிஞ்ச ஒறம்பரை. முன்கூட்டியே எழுதுவாங்க, 15 நாளுக்குள்ள கட்டுன்னு தவணை குடுப்பாங்க. பொழுது கெளம்புனதுக்கு அப்பறந்தான் வருவாங்க, பொழுது விழுகறதுக்கு முன்னால கெளம்பீருவாங்க. ராத்திரி தங்க மாட்டாங்க. உங்க சித்தப்பன் அப்படியா? வந்ததும் வாரண்டைக் காட்டுவாங்க, அங்கியே பணத்தைக் கட்டுனா வந்த வழியாத் திரும்பீருவாங்க. கதவைச் சாத்திட்டு உள்ள ஒளிஞ்சா, ஒடைக்கப் போறம்னு சொல்லிட்டு ஒடைப்பாங்க. உள்ள பொம்பளையாளு இருந்தா வெளிய வர்றதுக்கு நேரம் குடுப்பாங்க. பாக்கிக்குத் தக்கனதான் எடுக்கோணும், வாரிக் கட்டிட்டுப் போகக் கூடாது. எடுத்ததை எழுதி வெக்கோணும்.

ஆனா மொத விருந்துக்கு அவிய ஊட்டுக்கு வர மாட்டாங்க, பேங்குக்குப் போவாங்க. அதை மறந்துறாத. உன்ற கணக்குல இருக்கறதை அங்கியே வழிச்சுக்கலாம். உனக்குப் பணம் தரவேண்டியவன் எவனாச்சும் இருந்தா, அவனுக்கும் நோட்டீசு போகும், உனக்குத் தர்றதை இங்க கட்டுன்னு. உன்ற மச்சான் கைமாத்து வாங்கினானே, ஒம்பது வருசமாக் கேக்க வெக்கப்பட்டுட்டு இருக்கறயே, அவன் பேரையும் எழுதிக் குடு. நீ கேட்டு வராத காசு சர்க்காரு கேட்டா வரும். இந்தக் காயிதத்துல இருக்கற ஒரே நல்ல சேதி அதுதான்.

என்ன எடுக்கக் கூடாதுங்கறதும் சட்டத்துல இருக்குது. 1908-ஆம் வருசத்துச் சிவில் சட்டத்துல ஒரு பட்டியல் போட்டிருக்கறான், வருமான வரிக்காரருக்கும் அதே பட்டியல்தான். கட்டற துணி, சோறாக்கற ஏனம், படுக்கற கட்டில், பாய், தலையணை, சம்பிரதாயப்படி பொம்பளை கழட்டக் கூடாத நகை, இதெல்லாம் தொட மாட்டாங்க. தாலி தப்பிச்சுது. ஆனா பதினஞ்சு பவுனு ஆரத்தையும் சேத்துத் தாலிக்கொடின்னு நீட்டாத, அந்த ஆபீசருக்கும் பொண்டாட்டி இருப்பா. தச்சன் உளி, கொல்லன் சம்மட்டி, எல்லாம் விதிவிலக்கு. வெவசாயின்னா கலப்பை, பொழப்புக்கு வேண்டிய மாடு, வெதை தானியம், குடியிருக்கற ஊடு வரைக்கும் தப்பிச்சுக்கும்.

சிரிக்கறயா? இரு. அந்த வரியைத் திருப்பிப் படி. வெவசாயின்னா. நீதான் பூமியை வித்துட்டயே! இனி எந்த வாயில வெவசாயிம்ப? மாட்டைக் கேரளா லாரியில ஏத்தி உட்ட, கலப்பையைக் காயலான் கடைக்குப் போட்ட, வெதைச்சோளத்தைக் கோழிக்கு எறைச்ச. என்ற ஊட்டுக்கு வந்தா அந்த ஆபீசரு வெறுங்கையோடதான் போகோணும். கயித்துக் கட்டில், ஈயம் பூசின ஏனம், ரெண்டு உருப்படி மாடு, கலப்பை. பட்டியலே என்ற ஊட்டைப் பாத்து எழுதுனதாக்கும்னு நெனைச்சுக்குவன். உன்ற ஊட்டுல நீ எதையெல்லாம் ஒறம்பரைக்குக் காட்டறதுக்குன்னு வாங்குனயோ, அதெல்லாம் ஜப்திக்காரருக்கும் நல்லாக் கண்ணுக்குத் தெரியும். பிளெக்ஸை வேணா உட்டுட்டுப் போவாங்க. ஏலத்துல எவன் வாங்குவான் உன்ற மூஞ்சியை?

குசுகுசுன்னு என்ன? காரைக் கொண்டாந்து என்ற சாளையில நிறுத்தோணுமா? ஊட்டைப் பொண்டாட்டி பேருக்கு எழுதோணுமா? அட மடையா, இதை நீதான் மொதமொத நெனைச்சயாக்கும்? உன்னாட்டம் ஆளுங்க வருவாங்கன்னு அம்பது வருசத்துக்கு முன்னாலயே எழுதி வெச்சுட்டான். 1973 ஜூன் 1-க்கு அப்பறம் தக்க வெலை இல்லாமப் பொண்டாட்டி, மைனர் கொழந்தை, மருமக, மகனோட மைனர் கொழந்தை பேருக்கு மாத்துனதெல்லாம் உன்ற சொத்துக் கணக்குலதான் வரும். பேரன் வரைக்கும் யோசிச்சு வெச்சிருக்கறான் பாரு, நம்ம ஊருப் பெருசுகளே அவ்வளவு தூரம் யோசிக்காது. இந்த நோட்டீசு கைக்கு வந்ததுக்கப்பறம் அவிய அனுமதி இல்லாம எதையும் விக்கவோ அடமானம் வெக்கவோ கூடாது. என்ற சாளையில உன்ற காரு நின்னா நாளைக்கு என்ற மாட்டையும் சேத்து எண்ணுவாங்க. போ அக்கட்ட.

அப்படிக் கோல்மால் பண்ணினாத்தான் செயிலு. வசதி இருந்தும் கட்டாம அடம் புடிச்சாலும் செயிலு. பாக்கி 250 ரூபாய்க்கு மேலன்னா ஆறு மாசம் வரைக்கும் சிவில் செயில்ல வெக்கலாம்னு எழுதியிருக்குது. 250 ரூபாய்! எந்தக் காலத்து வெலைவாசியில எழுதுனானோ, இன்னைக்கு உன்ற பையன் ஒரு பிரியாணிக்குக் குடுக்கற காசு. வெளிய வந்தா பாக்கி தீந்துச்சுன்னு நெனைக்காத. பாக்கி வாசல்லயே நின்னுட்டு இருக்கும். பொம்பளையாளைக் கைது பண்ணக் கூடாதுன்னும் இருக்குது. உங்க அம்மாயிக்கு அதைச் சொல்லீராத, உன்ற கடனை எல்லாம் அவ பேருல மாத்தச் சொல்லி நிப்பா.

என்ன, தீரன் சின்னமலை வம்சமா? மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறிச்சு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை புடுங்கிக்கிட்டான்னு போய்ச் சொல்லுன்னாரே, அந்தக் கதையை எனக்கே சொல்றயா? அவரு அடுத்தவன் வாங்கின வரியை மறிச்சாரு கண்ணு, தன்ற வரிக்குக் கண்ணை மூடிட்டுப் படுக்கலை. 1805-ல சங்ககிரியில தூக்குல போட்டாங்க. நீ சங்ககிரிக்குப் போனா லாரிப்பேட்டையில டீ குடிச்சுட்டு வருவ. சோழன் காலத்துல பொறந்திருந்தாலும் தப்பிச்சிருக்க மாட்ட. தறிக்கு வரி, செக்குக்கு வரி, கல்யாணம் பண்ணுனாக் கண்ணாலக்காணம்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கறாங்க. காதுகுத்துக்கு வரி போட மட்டும் அன்னைக்கு ஒருத்தனுக்கும் தோணலை. குலோத்துங்கன் சுங்கம் தவுத்தான், பேரு கெடைச்சுது. இப்ப எவன் தவுப்பான்?

சரி, கேட்டுக்க. திங்கக்கெழமை காலையில ஆடிட்டரைப் பாரு. இன்னோவாவுல போகாத, பஸ்ஸுல போ. பட்டா, சிட்டா, அடங்கல், பழைய பத்திரம், 2001-ல அந்தப் பூமிக்கு இருந்த வழிகாட்டி மதிப்பு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. அப்பீல் போட 30 நாள்தான், அது போயிருச்சு. ஆனா தாமதம் ஏன் ஆச்சுன்னு நாயமான காரணம் எழுதிக் கேட்டா ஏத்துக்கலாம். மெயிலு வேற எவனுக்கோ போச்சுங்கறதை எழுது, அது காரணந்தான். காதுகுத்து வேலையில மறந்துட்டன்னு எழுதாத. பாக்கியில அஞ்சுல ஒரு பங்கைக் கட்டிட்டு மீதியை அப்பீல் முடியற வரைக்கும் நிறுத்தி வைங்கன்னு கேக்கறது இப்ப நடைமுறை. முடியலீன்னா தவணை கேளு. கேக்கறதுல கேவலம் ஒண்ணும் இல்லை, பால் சொசைட்டியில கேக்கறதில்லையா? மாசத்துக்கு ஒரு சதவீதம் வட்டி ஓடிட்டு இருக்குது. ஆத்துமாவுக்குத் தெரிஞ்சு சொல்றன், நீ கந்துவட்டிக்கு வாங்கறதை விட இது மலிவு.

காரை விக்கறதா இருந்தா எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிட்டு, நீயே நல்ல வெலைக்கு வித்து நேரா வரிக்குக் கட்டு. ஏலத்துல போனா உன்ற சித்தப்பன் அடிமாட்டு வெலைக்கு எடுத்து, உன்ற ஊட்டு வாசல்லயே நிறுத்தி ஆரன் அடிப்பான். அதை உன்னால தாங்க முடியாது, என்னாலயும் முடியாது.

இப்ப ஏதோ புதுச்சட்டம் வந்திருக்குதாமே, பழசு தள்ளுபடியான்னு கேக்கறயா? 1961-ஆம் வருசச் சட்டத்துக்குப் பதிலா 2025-ல புதுசு போட்டு, 2026 ஏப்ரல்ல இருந்து நடைமுறைன்னாங்க. சட்டத்துக்குப் பேரு மாறும், உன்ற பேரு மாறாது, தொகையும் மாறாது. டீக்கடைப் பக்கம் மட்டும் இந்த வாரம் போகாத.

எந்திரிச்சுட்டயா? மோரு குடிச்சுட்டுப் போ. ஒண்ணு சொல்ல மறந்துட்டன். ஆடிட்டருக்கு பீசைக் கையோட குடுத்துரு கண்ணு. போன வருசத்துக்கே பாக்கி வெச்சிருக்கறயாமே, சந்தையில பாத்துச் சொன்னாரு. அவரும் கோவிச்சுட்டா, இந்தப் பட்டியலை உனக்குப் படிச்சுக் காட்ட இந்த ஊருல என்னை உட்டா ஆளில்லை. நான் பீசு ரெண்டு பங்கு வாங்குவன்.