ஐந்தாவது எல்லை கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
தரைத்தளவாசி, வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
மனைப்பிரிவுக்கு அனுமதி, பத்திரத்துக்கு முத்திரை, பட்டாவுக்குக் கையெழுத்து, வீட்டுக்கு வரி என்று நான்கு மேசைகளாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தாலும், வெள்ளம் வந்தால் ஒரே குரலில் பேசும் அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுக்கு அவ்வப்போது வந்து தங்கிச் செல்லும் ஏரியைக் கிரயப் பத்திரத்தில் சேர்ப்பது – தொடர்பாக.

பார்வை: 1. டிசம்பர் 2015 வெள்ளம். 2. நவம்பர் 2021 வெள்ளம். 3. டிசம்பர் 2023, மிக்ஜாம் புயல் வெள்ளம். 4. மூன்றுக்கும் கிடைத்த ஒரே பதில்: ‘வரலாறு காணாத மழை.’

ஐயா / அம்மையீர்,

வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் இருந்தது, இப்போது 55 ஏக்கர்தான் என்று மழைக்காலம் தோறும் பத்திரிகைகள் எழுதுகின்றன. மீதி 210 ஏக்கர் எங்கே போனது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எங்கும் போகவில்லை. ஒரு பகுதியில் அரசே வீடும் மனையும் ஒதுக்கியது. ஒரு பகுதியில் சாலை ஓடுகிறது. அரை கிரவுண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நான் இரவோடு இரவாகக் குடிசை போட்டவன் அல்ல. வங்கியில் கடன் கேட்டேன். அவர்கள் வக்கீலிடம் அனுப்பினார்கள். வக்கீல் மூலப்பத்திரம் பார்த்தார், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார், ‘க்ளியர் டைட்டில்’ என்று எழுதிக் கொடுத்தார். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பங்காளித் தகராறு இல்லை. ஏரி உண்டா இல்லையா என்பதற்கு அந்தச் சான்றில் கட்டமே கிடையாது. முத்திரைத் தீர்வை கட்டினேன், பதிவுக் கட்டணம் கட்டினேன், அரையாண்டு தவறாமல் சொத்து வரி கட்டுகிறேன். ஏரிக்குள் குடியிருப்பதற்கு இத்தனை ரசீது வைத்திருக்கும் உயிரினம் வேறொன்று இருக்காது. மீன்கள் இன்றுவரை ஒரு பைசா கட்டியதில்லை.

2003இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. நானும் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, மணல் பரப்பி வைத்தேன். பார்வையிட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆழம் பத்தாது சார், தண்ணி எங்க நிக்கும்?” என்றார். எங்கே நிற்கும் என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை. ஹாலில் நிற்கும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டோம்.

இதில் எங்கள் பேட்டைக்கு மட்டும் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. 1920களில் மாம்பலத்து ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் உண்டானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்று பெயரே வைத்து மனை போட்டார்கள். ஏரி போய்விட்டது, திட்டம் விலாசத்தில் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவுக்கு மழைக்காலத்தில் போய் நிற்க வேண்டும்.

அடுத்து, பார்வை 4. ‘வரலாறு காணாத மழை.’ 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழைக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. பெரிய மழைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. கொட்டியிருக்கிறது. 2015 நவம்பர் மாதம் முழுக்கச் சென்னையில் பெய்தது 1,049 மி.மீ.; 1918 நவம்பரில் பெய்தது 1,088 மி.மீ. ஆக, வரலாறு கண்டிருக்கிறது. கண்டதை வானிலைத் துறையின் பேரேட்டில் எழுதியும் வைத்திருக்கிறது. காணாதது தங்கள் கோப்பு மட்டும்தான்.

2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. அதை மனிதரால் உண்டான பேரிடர் என்று சொன்ன இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டது. எங்கள் தெருவாசிகளுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. ஷட்டரை யார் தூக்கியது என்று திட்டுவதற்கு ஆளில்லை. எங்களுக்கு வந்தது வெளியூர்த் தண்ணீர் அல்ல. சொந்த ஏரித் தண்ணீர்.

அது வரும் விதத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று தொலைக்காட்சி பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது குளியலறையின் தரைச் சல்லடை வழியாக வந்தது. முதலில் கரப்பான்பூச்சிகள் வரிசையாக மேலேறி வந்தன. பிறகு பைப்புக்குள் களக் களக்கென்று ஒரு சத்தம். வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பின்னால், சமையலறை வரை தண்ணீர் வந்து நின்றது. ஃபிரிட்ஜ் மிதக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பூஜை அலமாரியில் சாய்ந்து நின்றது. கதவு திறந்து, மாவு டப்பா தனியே ஹாலுக்குப் போனது.

மாடி வீட்டு அக்கா படியில் நின்று டார்ச் அடித்தபடி கத்தினார்: “மொதல்ல பத்திரத்த எடுங்க! புடவை, மெஷினெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்!”

எடுத்தோம். ஆனால் பிளாஸ்டிக் கவருக்குள் முன்பே தண்ணீர் இறங்கியிருந்தது. கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுத்தோம். அலுவலக முத்திரையின் ஊதா மை கரைந்து சொத்து விவரப் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. வடக்கே யார் மனை, கிழக்கே எத்தனை அடி ரோடு என்று ஒன்றும் படிக்க முடியவில்லை. நான்கெல்லைகளையும் ஏரி ஒரே நாளில் ரத்து செய்துவிட்டது.

இந்த அனுபவத்தால் எங்கள் மக்கள் தாங்களாகவே ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். கனமழை எச்சரிக்கை வந்த உடனே கார்களை ஓட்டிப்போய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். ஆரஞ்சு எச்சரிக்கையா, சிவப்பா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பாலத்தில் எத்தனை வண்டி என்றுதான் கேட்கிறார்கள். கார் இல்லாதவர்கள் டூவீலரை மாடிப்படியில் ஏற்றுகிறார்கள். அதுவும் இல்லாதவர்கள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுக் கூடவே தாங்களும் ஏறிக்கொள்கிறார்கள்.

‘ஆக்கிரமிப்புதான் காரணம்’ என்று தாங்கள் அவ்வப்போது சொல்வதையும் கேட்கிறோம். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறோம். எங்கள் தண்ணீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரும் அங்கேதான் வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். இந்த வழியில் நிற்பது யார் என்று பார்த்தால், பெருங்குடி குப்பைமேடு நிற்கிறது. கடல்சார் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமே சதுப்பு நிலத்தில்தான் நிற்கிறது. இன்னும் வடக்கே போனால், பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. வேறு பக்கம் திரும்பினால், விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டுப் போகிறது. 2015இல் ஆறு அந்த ஓடுபாதையைப் பார்க்க மேலே வந்ததும் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. சதுப்பு நிலத்தில் மிஞ்சிய 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. மிஞ்சாததற்குத் தங்கள் அங்கீகாரம் முன்பே கிடைத்துவிட்டது.

ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான பகுதி. மழை வந்தால் அங்கும் முழங்கால் தண்ணீர். வேலைக்குப் போக முன்பு நடந்தார்கள். இப்போது இரண்டு பஸ் மாறுகிறார்கள். காப்பாற்றப்பட்டதில் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது பஸ் கட்டணம்.

தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 கோடையில் இதே சென்னைக்கு ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் வரவேற்புகூட நடந்தது. அன்று நான் ஹாலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்து, லாரிக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரிக்குள் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அந்தப் பெருமையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

எனவே, என் கோரிக்கை. வீட்டை இடியுங்கள் என்று கேட்கவில்லை. கடன் இப்போதுதான் முடிந்தது. இன்னொரு குழு போடவும் கேட்கவில்லை. 2021 வெள்ளத்துக்குப் பிறகு அமைந்த திருப்புகழ் குழுவின் இறுதி அறிக்கை 2023 மார்ச்சில் வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் தண்ணீரும் வந்தது. நான் கேட்பது ஒரே ஒரு வரி.

பத்திரத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கெல்லை எழுதுகிறீர்கள். ஐந்தாவதாக ‘மேலே’ என்று ஓர் எல்லை எழுதுங்கள்: ‘மேலே: ஏரியின் முழு நீர்மட்டம், தரையிலிருந்து இத்தனை அடி.’ இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வொரு ஏரிக்கும் உபரி நீர் வழியும் கலங்கல் உண்டு. தண்ணீர் அதன் உயரத்தைத் தொட்டதும் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அந்த உயரம் எவ்வளவு என்று ஏரிக் கணக்கில் இருக்கிறது. எங்கள் தெரு மட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சர்வேயர், ஒரு லெவல் கருவி, ஒரு முற்பகல் போதும். டீ செலவு எங்களுடையது.

இந்த வரியை எங்கள் பத்திரத்தில் எழுதுவதைவிட முக்கியம், தாம்பரத்துக்கு அப்பால் இன்று மஞ்சள் கல் நட்டுக் கொடி கட்டிக்கொண்டிருக்கும் மனைகளின் பத்திரத்தில் எழுதுவது. சனி ஞாயிறுகளில் இலவச வேனில் அங்கே போய், பிரியாணி சாப்பிட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரும் சின்னஞ்சிறு குடும்பங்கள் எல்லாம் மார்ச், ஏப்ரலில்தான் போகின்றன. காய்ந்த தரையைப் பார்த்து ‘நல்ல மேட்டு நிலம்’ என்று மகிழ்கின்றன. அவர்களுக்கு அந்தக் கல்லிலேயே ஒரு நீலக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

அப்படி எழுதினால் மனை விலை இறங்கிவிடும் என்று தரகர்கள் அலறுவார்கள். இறங்கட்டும். அந்த வித்தியாசத்தைத்தான் பிறகு நாங்கள் ஃபிரிட்ஜாக, மோட்டாராக, கார் இன்ஜினாக, உப்பிப்போன கதவாக, உயர்த்திப் போட்ட தரையாகத் தவணை முறையில் கட்டுகிறோம். 2023இல் நிவாரணமாக 6,000 ரூபாய் வந்தது, நன்றி. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் நன்றி தெரிவித்தார்.

ஐந்தாவது எல்லைக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை உண்டென்றால் தயங்காமல் தெரிவிக்கவும். கட்டத் தயாராக இருக்கிறேன். இதுவரை ரசீது இல்லாமல் கட்டிக்கொண்டிருப்பதுதான் ஒரே குறை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைத்தள வரிதாரர்.

இணைப்பு: கிரயப் பத்திர நகல். (சொத்து விவரப் பக்கத்தில் காணப்படும் ஊதாக் கறை தங்கள் அலுவலக முத்திரையே, சரிபார்த்துக்கொள்ளவும்.)